திருஷ்டிப் பூசணிக்கு இப்போதே நாள் எண்ணுங்கள்

ஆயுத பூஜை வருகிறதென்றால் நம் கடைக்காரர்கள் பொரி, கடலை, அவல், சந்தனம், குங்குமம், சூடம், வாழைக்கன்று, மாவிலை என்று பட்டியல் போடுவதில் குறை வைப்பதில்லை. பூசணிக்காய் மட்டும் அந்தப் பட்டியலின் கடைசி வரியில் நிற்கும். "அது வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும், இரண்டு நாள் முன்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் பலருடைய எண்ணம். கடைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று; துறைமுகத்தில் படகுக்கும் இயந்திரத்துக்கும் வேறு. எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும். மறுநாள் ஒருவருக்கும் வேண்டாம். விஜயதசமி கழிந்த காலையில் சாலையோரம் விற்காமல் குவிந்து கிடக்கும் காய்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வரத்துக் குறைந்த ஆண்டு வாங்குகிறவர் கையைச் சுடும்; வரத்து மிகுந்த ஆண்டு விற்கிறவர் முதலை முழுங்கும். அடியில் நிற்கும் விவசாயியோ, வெட்டுக்கூலி கட்டாது என்று காயைக் கொடியிலேயே விட்டுவிடுவார்.

இந்தச் சரக்கு உண்மையில் கடைசி நாள் சரக்கே அல்ல. பூவைப் போல மாலையில் வாடுவதும் அல்ல, வாழைக்கன்றைப் போல மூன்றாம் நாள் பழுப்பதும் அல்ல. முற்றிய சாம்பல் பூசணி நல்ல இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். அப்படியிருந்தும் நாம் அதைக் கடைசி நாள் சரக்காகவே நடத்துகிறோம். காரணம், அது விதையிலிருந்து முற்றிய காயாவதற்கு எத்தனை நாள் ஆகும், அந்த நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதை வியாபாரி கணக்கில் கொள்வதில்லை. அந்தக் கணக்கு கோடை முடியும் நேரத்தில், அதாவது வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் போட வேண்டிய கணக்கு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். திருஷ்டிக்கு உடைப்பது வெண்பூசணி. சாம்பல் பூசணி, கல்யாணப் பூசணி என்றும் சொல்வார்கள். தென்மாவட்டங்களில் தடியங்காய். மேலே சாம்பல் பூத்தாற்போல் இருப்பது மெழுகுப் பூச்சு. உள்ளே மஞ்சளாக இருக்கும் பரங்கிக்காய் வேறு இனம். அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். கப்பலேறி வந்ததால்தான் 'பரங்கி' என்ற பெயர் அதற்கு ஒட்டியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு நாம் அந்தச் சொல்லை வேறு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பரங்கியை வைத்துத்தான் மேல்நாட்டில் ஒரு பெரிய பருவ வியாபாரமே நடக்கிறது. அக்டோபர் 31 இரவு 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறார்கள். பரங்கியைக் குடைந்து கண், மூக்கு, பல் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பது வழக்கம். தீயது அண்டாமல் இருக்க என்பது பழைய நம்பிக்கை. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே கிடைத்த பரங்கியைப் பிடித்துக்கொண்டார்கள். நம் கடை வாசலில் தொங்கும், மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணியைப் பார்த்தால் யார் யாரிடம் கற்றது என்று கேட்கத் தோன்றும். யாரும் யாரிடமும் கற்கவில்லை. உருண்டையாக, தலையளவில், தோல் கெட்டியாக, விலை மலிவாகக் கிடைக்கிற காய்க்கு முகம் எழுத எந்த ஊர்க்காரனுக்கும் கை வரும். காரைக்காலைப் பொறுத்தவரை பேய் உருவம் கண்டு மிரளும் ஊரும் அல்ல இது. வணிகர் தனதத்தனின் மகளாகப் பிறந்து, நாகையிலிருந்து வந்த வணிகர் பரமதத்தனின் மனைவியாக வாழ்ந்து, பின் பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாருக்குத்தான் நாம் ஆண்டுதோறும் மாங்கனி இறைக்கிறோம். வணிகர் குலத்தின் அம்மை என்று நாம் உரிமை கொண்டாடலாம்.

ஆனால் அமெரிக்க விவசாயிக்கு ஒரு வசதி உண்டு. அவருடைய நாள் நகராது. எந்த ஆண்டும் அக்டோபர் 31 தான். பரங்கிக்கு ரகத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாள் என்று பின்னோக்கி எண்ணி, கோடைத் தொடக்கத்தில் விதைத்துவிடுவார். வாங்குகிற கடைக்காரரும் அப்படியே முன்கூட்டிச் சொல்லி வைப்பார். நமக்கு நாள் ஓடுகிறது. ஆயுத பூஜை 2023-இல் அக்டோபர் 23. 2024-இல் அக்டோபர் 11. 2025-இல் அக்டோபர் 1. மூன்று ஆண்டுக்குள் மூன்று வார வித்தியாசம். சந்திரக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் வந்து, அதிக மாதம் விழும் ஆண்டில் மீண்டும் பின்னால் தள்ளிப்போகும். பூசணிக் கொடிக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

எந்த நாளில் விதை ஊன்ற வேண்டும்?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. அதைப் பொதுவில் குறை சொல்ல இடமில்லை; ஆனால் ஆயுத பூஜைப் பூசணிக்கு அது பொருந்தாது. சாம்பல் பூசணி ரகத்தைப் பொறுத்து 120 முதல் 140 நாள் வரை நிலத்தில் நிற்கும் பயிர். அதில் முதல் முற்றிய காய் கைக்கு வருவதற்கே மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிடும். காய் பறித்து, ஒரு வாரம் ஆறப் போட்டு, கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் காலத்தையும் சேர்த்து 110 நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இதைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2025-க்கு ஜூன் 13, அதாவது வைகாசிக் கடைசி. 2024-க்கு ஜூன் 23, ஆனி இரண்டாம் வாரம். 2023-க்கு ஜூலை 5, ஆனி மூன்றாம் வாரம். மூன்றுமே ஆடிக்கு முந்தியவை. ஆடியில் ஊன்றியது தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் கறிகாயாகப் போகும், பூஜைக்கு வராது.

நம் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. எதையும் மாங்கனித் திருவிழாவை வைத்து எண்ணுவது. "மாங்கனி முடிந்ததும் பார்க்கலாம்" என்று கடனுக்குக்கூடத் தவணை சொல்வோம். பூசணிக்கு அதுவும் சில ஆண்டு கைகொடுக்கும், சில ஆண்டு காலை வாரும். மாங்கனி ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. 2023-இல் ஆனிப் பௌர்ணமி ஜூலை 3. அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு 112 நாள். 2024-இல் ஜூன் 21. அதற்கும் 112 நாள். திருவிழாக் கூட்டம் கலைவதற்குள் விதை ஊன்றியிருந்தால் காய் சரியாக வந்திருக்கும். 2025-இல் அதே பௌர்ணமி ஜூலை 10-க்குப் போய்விட்டது. ஆயுத பூஜையோ அக்டோபர் 1. இடையில் 83 நாள்தான். மாங்கனியை நம்பி விதைத்தவருக்கு அந்த ஆண்டு சாம்பல் பூக்காத, சுணை உதிராத பிஞ்சுதான் கிடைத்திருக்கும். ஆகவே புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் முதலில் ஆயுத பூஜைத் தேதியைப் பார்த்து, 110 நாள் பின்னால் எண்ணி, அந்தத் தேதியைக் கடை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

மேட்டு மணலும் பூசணியும்

வெளியூர்க் காயை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராசுரம் சந்தையோ திருச்சி காந்தி மார்க்கெட்டோ இல்லாமல் நம் காய்கறி வியாபாரம் ஓடாது. ஆனால் ஒரு பங்கையாவது உள்ளூரில் வளர்க்கலாம். அதற்கு ஏற்ற இடம் வயல் அல்ல, கடற்கரை மேடு. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று நம் கடலோர ஊர்ப் பெயர்களிலேயே மேடு இருக்கிறது. பூசணிக் கொடிக்கு வேரில் நீர் தேங்கினால் ஆகாது. மணல் கலந்த, நீர் வடிகிற மேடுதான் வேண்டும். தவிர, காவிரிக் கடைமடையான நம் பகுதிக்கு ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் வந்து சேர நாள் ஆகும். வயல்காரர் ஆற்றைப் பார்த்துக் காத்திருக்கும் அதே நாட்களில், வீட்டுப் புறத்தில் குடத்து நீரால் பத்துக் குழியை நனைத்துக் கொடியை எழுப்பிவிட முடியும்.

காலமும் பொருந்தி வருகிறது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். குழி வெட்டுவதும் எரு நிரப்புவதும் ஆள் வீட்டில் இருக்கிற அந்த நாட்களில் முடிந்துவிட்டால், படகு கடலுக்குப் போன பிறகு தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும்தான் மிஞ்சும். அதை வீட்டுத் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள முடியும்.

இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகல ஆழத்தில் குழி. மக்கிய தொழுஉரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை. பதினைந்து நாள் கழித்து நன்றாக வந்த இரண்டை விட்டு மற்றதைக் களைந்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்குப் பதின்மூன்று குழி வரும். (நான் சொல்வது விதைக் குழி, மாவுக்கு நூறு என்று எண்ணும் நில அளவைக் குழி அல்ல.) நல்ல பராமரிப்பில் எக்டேருக்கு 20 டன் என்பது எதிர்பார்க்கத்தக்க விளைச்சல். சென்ட்டுக்கு அது 80 கிலோ. ஐந்து சென்ட் இருந்தால் 400 கிலோ. காய் ஒன்று ஐந்து கிலோ என்றால் 80 காய். கடற்கரை மணலில் அதில் பாதி வந்தாலும் 40 காய். நம் கடைத்தெருவில் ஒரு பக்க வரிசைக்கு அது போதுமா போதாதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உப்பு ஒன்றுதான் தொல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த இடங்கள் இவை. பல ஆண்டு மழை மண்ணைக் கழுவியிருந்தாலும், கரையோரக் கிணற்றில் கோடைக் கடைசியில் நீர் உவர்ப்பது ஆண்டுதோறும் உள்ளது. முளைத்த மூன்று வாரம் வரை கொடி உப்பைத் தாங்காது. அதுவரை நல்ல தண்ணீரைக் கொஞ்சமாகக் கொடுத்தால், பிறகு கொடி ஓரளவு தேறிவிடும். சந்தேகமுள்ளவர்கள் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நம் மாவட்டத்திலேயே வேளாண் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கும்போது அதற்கு வெளியூர் அலைய வேண்டாம்.

முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. காய் பிடிக்கவில்லையே என்று பதற வேண்டாம். பின்னால் பெண் பூ வரும், அதன் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். தேனீ குறைந்த இடத்தில் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட்டால் போதும். கந்தகத் தூளும் தாமிர மருந்தும் இந்த இனக் கொடிகளுக்கு ஆகாது, இலை கருகும்.

வியாபாரி அறிந்திருக்க வேண்டிய பூச்சி பழ ஈ. பிஞ்சில் துளையிட்டு உள்ளே முட்டை வைத்துவிடும். காய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே முற்றும். கடை வாசலில் கட்டிய பத்தாம் நாள் அடியில் நீர் சொட்டும், புழு விழும். "பூசணி அழுகினால் திருஷ்டி கழிந்தது" என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் அது பழ ஈயின் வேலை. முன்பு ஈரக் கருவாட்டுத் தூளோடு டைகுளோர்வாஸ் மருந்து வைத்துப் பொறி கட்டச் சொல்வார்கள். அந்த மருந்து 2020 இறுதியோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி எங்காவது கிடந்தாலும் தொட வேண்டாம். இப்போது கியூலூர் என்ற இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது. விழுந்த சொத்தைப் பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைப்பது அதைவிட முக்கியம்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

சுணை முழுதும் உதிர்ந்து, சாம்பல் சீராகப் படர்ந்து, காம்பு காயத் தொடங்கியிருந்தால் அது முற்றிய காய். நகத்தால் அழுத்தினால் தோல் பதியக் கூடாது. ஊசி குத்தினாற்போல் புள்ளியும் அதைச் சுற்றிப் பழுப்பும் தெரிந்தால் தள்ளிவிடுங்கள். காம்பு இரண்டு அங்குலமாவது இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். காம்பு பிய்ந்த காய் அந்த வழியாகவே கெடும்.

பளிச்சென்று தெரியட்டும் என்று சிலர் கழுவித் துடைக்கிறார்கள். அது தவறு. அந்தச் சாம்பல்தான் காய்க்குச் சட்டை. ஈரம் வெளியே போகாமலும் பூஞ்சணம் உள்ளே வராமலும் காப்பது அதுவே. சீனாவில் இந்தக் காய்க்குக் குளிர்காலப் பூசணி என்ற பொருளில் பெயர். கோடையில் காய்த்ததைக் குளிர்காலம் வரை வைத்து உண்பதால் வந்தது. வைக்கோல் அல்லது சாக்கு விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், வெயிலும் ஒழுக்கலும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். லாரியிலிருந்து கைமாற்றி வீசி இறக்கும் வழக்கம்தான் இந்தச் சரக்குக்கு எமன். தோல் வெடிக்காவிட்டாலும் உள்ளே அடிபட்டு ஒரு வாரத்தில் அழுகும். அதற்கு ஒரு ஆள் கூலி கூடினாலும் பரவாயில்லை, கைக்குக் கை இறக்குங்கள்.

வைத்திருந்தால் எடை சற்றுக் குறையும் என்பது உண்மை. திருஷ்டிக் காயை நாம் எண்ணிக்கையில் விற்கிறோம், எடையில் அல்ல. ஆகவே அந்த நட்டம் பெரிதாகத் தெரியாது. கறிக்கு எடையில் விற்பவர் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் யோசனை இது. வேண்டிய எண்ணிக்கையில் பாதியை மேட்டுப் பகுதியில் விதைப்புக்கு முன்பே பேசி, காய் ஒன்றுக்கு இன்ன அளவுக்கு இன்ன விலை என்று துண்டுச் சீட்டு எழுதி, சிறிது முன்பணம் கொடுத்துவிடலாம். வாசலில் கட்டச் சிறியது, கடைக்கு நடுத்தரம், லாரிக்கும் ஆலைக்கும் பெரியது என்று மூன்று தரம் போதும். மீதிப் பாதியைப் பூஜைக்கு மூன்று வாரம் முன்னால் மண்டியில் எடுத்துக் குடோனில் வைக்கலாம். இப்படிச் செய்தால் கடைசி இரண்டு நாள் விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை. 2023-ஐப் போல அக்டோபர் கடைசியில் பூஜை வரும் ஆண்டில் இது இன்னும் அவசியம். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். மழையில் நனைந்த கொடியிலிருந்து அறுத்த காய் நிற்காது. தேதி எதுவானாலும் மழைக்கு முன் காய் உள்ளே வந்துவிட வேண்டும்.

நகராத தேதி ஒன்றும் நம் ஊரில் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்ற சொல்லே மறுநாளான நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முன்னிரவு என்று பொருள்படுவது. அதற்கடுத்த நாள்தான் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் நாள். மழைக்காலம் ஆதலால் சம்பங்கியும் செவ்வந்தியும் விலை ஏறும், வந்ததும் அழுகும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் மழையை ஓரளவு தாங்கும். இவற்றுக்குத்தான் ஆடிப்பட்டம் அச்சாகப் பொருந்தும். பூசணி ஊன்றி ஒரு மாதம் கழித்து அதே மேட்டில் நாலு பாத்தி வாடாமல்லி போட்டால் அக்டோபர் கடைசியில் பூ. காற்றுக்கு அணையாத, கூடு வைத்த மெழுகுவர்த்திகளை மளிகைக் கடைக்காரர்கள் அக்டோபர் நடுவிலேயே எடுத்து வைக்கலாம்.

பூசணிக்குத் திரும்புவோம். பூஜையன்று மீந்துபோனால் காயைச் சாலையோரம் விட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லை. அடிபடாத காய் தீபாவளி கடந்தும் இருக்கும். காசி அல்வா செய்வது இந்தக் காயில்தான். இனிப்புக் கடைக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முன் அது தேவை. மோர்க்குழம்புக்கும் கூட்டுக்கும் ஐப்பசிக் கல்யாணப் பந்திகளுக்கும் சமையல்காரர்கள் வாங்குவார்கள். ஆக்ராவில் இதே காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுப் பேட்டா என்று ஊரெல்லாம் விற்கிறார்கள்.

உடைப்பது பற்றியும் இரண்டு வார்த்தை. குங்குமம் தடவி, நாணயம் போட்டு நடுச் சாலையில் உடைத்துவிட்டுக் கடையைப் பூட்டிப் போய்விடுகிறோம். இருட்டில் அந்தச் சதையில் இருசக்கர வண்டி ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? உள்ளே கிடக்கும் காசைப் பொறுக்கச் சிறுவர்கள் வண்டிகளுக்கு இடையில் ஓடுகிறார்கள். தமிழ்நாட்டு நகரங்களில் ஆண்டுதோறும் காவல் துறையும் மாநகராட்சிகளும் இதை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றன. கடைக்குத் தீங்கு வரக்கூடாது என்று உடைப்பது அடுத்தவர் காலை ஒடிப்பதாக ஆகலாமா? கடைப் படிக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு சாக்கு விரித்து உடைத்து, அப்படியே சுருட்டிக் குப்பைக்கு அனுப்பலாம். பூட்டும் முன் கடைப் பையனிடம் விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

வீட்டுக்குக் கறிக்கு எடுத்த காய்களில் நன்றாக முற்றிய ஒன்றிலிருந்து விதையை எடுத்துக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வையுங்கள். வீரிய ஒட்டு ரகக் காயின் விதை தாயைப் போல வராது. நாட்டு ரகமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்வது நலம். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, மேலே அடுத்த ஆயுத பூஜைத் தேதியையும் அதற்கு 110 நாள் முந்திய தேதியையும் எழுதிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், வைகாசியில் தேட வேண்டியிருக்காது.